ஆறு அறை, மூன்று கெட்டில்

இரண்டாம் நம்பர் அறையில் தங்கியிருந்த அம்மா காலைச் சாப்பாட்டை முடித்தார், வாடகையைக் கட்டினார், ரசீதை மடித்துப் பையில் வைத்தார். அதற்கப்புறம்தான் ஒரு அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். தரமதிப்பீட்டு ஆய்வாளர். விடுதியைப் பார்த்துக்கொண்டிருந்த வாலு அட்டையை இரண்டு முறை படித்தாள்.

"சொல்லாமதான் வருவோம், தப்பா நெனச்சுக்காதீங்க. தங்கினது நல்லாவே இருந்துச்சு. இப்ப ஆறு ரூமையும் ஒரு எட்டு பாத்துட்டா என் வேலை முடிஞ்சுது."

"ஆறுமா மேடம்?"

"ஆறும்தான். எந்த ரூம் மோசமோ, அதுக்கு என்ன நட்சத்திரமோ, அதுதான் மொத்த விடுதிக்கும். நல்லா கவனிச்சுக்கிட்டீங்க, ஆனா அது வேற கணக்கு. அஞ்சு நிமிஷத்துல கிளம்புவோமா?"

சொந்தப் பெயர் வாலுவுக்கே மறந்து போய் வருஷமாகிறது. அந்த வீட்டில் கால் தரையில் பாவாமல் திரிகிறவள் அவள் ஒருத்திதான். விடுதி அக்காவுடையது. அக்காவுக்குக் குழந்தை பிறந்து ஒன்பது நாள், இன்னும் ஆஸ்பத்திரியில். வலி எடுத்துக் கிளம்பும்போதுகூட வாசலில் நின்று, "அந்த மூணு நட்சத்திரப் பலகைய மட்டும் பத்திரமா பாத்துக்கடி" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியில் ஏறினாள். அந்தப் பலகையைப் பார்த்துத்தான் சுற்றுலா கம்பெனி ஆள் அனுப்புகிறது. ஒரு நட்சத்திரம் குறைந்தால் அடுத்த நாளே பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். பிறகு ஆறு அறையிலும் பல்லிதான் குடியிருக்கும்.

வாலு சமையலறைக்குள் பாய்ந்தாள். அத்தான் தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், வந்தாச்சு!"

"யாரு, பால்காரரா?"

"எமன்! ரெண்டாம் நம்பர் அம்மாதான் ஆய்வாளராம். ஆறு ரூமையும் காட்டணுமாம்."

அத்தான் கையிலிருந்த நார் தொட்டிக்குள் விழுந்தது. ஆறு அறை இருந்தது உண்மை. ஆனால் கெட்டில் மூன்று, முடி உலர்த்தி மூன்று, கட்டிலுக்கு இரு பக்கமும் வைக்கிற விளக்கு மூன்று ஜோடி. ஒரு காலத்தில் ஆறும் இருந்தன. ஒவ்வொன்றாகப் பழுதாக, மிஞ்சியதைத் திரட்டி மூன்று அறைக்கு வைத்துக்கொண்டார்கள். ஒரே நாளில் நாலாவது அறை நிறைந்ததே இல்லை. எந்த அறைக்கு ஆள் வருகிறதோ அந்த அறைக்குச் சாமான் நடந்து போகும். அதில் இருவரும் கில்லாடிகள்.

"பதறாத வாலு. மொதல் மாடியில ஒண்ணு, ரெண்டு, மூணு. அவங்க ஒரு ரூமை விட்டு வெளிய வந்ததும் நான் பின்னாடியே போயி சாமான அள்ளிட்டு, பின்படியில ரெண்டாம் மாடிக்கு ஏறிடறேன். ஒண்ணுல இருக்கறது நாலுக்கு, ரெண்டுல இருக்கறது அஞ்சுக்கு, மூணுல இருக்கறது ஆறுக்கு. நீ பேச்சுக் குடுத்துகிட்டே இரு. அதுக்கு உனக்குச் சொல்லியா தரணும்?"

முதல் இரண்டு அறையும் எண்ணெய் போட்டதுபோல் ஓடின. மூன்றாவது அறையிலிருந்து வெளியே வந்ததும், வாலு, அத்தானுக்கு நேரம் கிடைக்கட்டுமென்று, "சமையலறையப் பாக்கலாமா மேடம்?" என்றாள்.

"காலையிலேயே பாத்துட்டேன். மேலயே போயிடுவோம்."

சொல்லிக்கொண்டே ஆய்வாளர் படியேறிவிட்டார். வாலு பின்னாலேயே ஓடினாள். நாலில் எல்லாம் இருந்தது. ஐந்திலும் இருந்தது. ஆறு மொட்டையாகக் கிடக்கும். பின்படியோ நாலாம் அறை ஓரத்தில்தான் முடிகிறது. ஆறுக்குப் போக வேண்டுமென்றால் ஐந்தின் திறந்த கதவைத் தாண்டித்தான் போகவேண்டும்.

ஐந்தாம் அறையில் ஆய்வாளர் அலமாரிக்குள் தலையை விட்டு, சட்டை மாட்டும் கொக்கிகளை எண்ணினார். "ஒண்ணு... ரெண்டு..." வாலுவின் கண் ஜன்னலுக்குப் போனது. வெளியே தூறல். திரையின் இடைவெளியில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு முழங்கால் மெல்ல நகர்ந்தது.

அத்தான்.

நாலாம் அறை ஜன்னல் வழியாக இறங்கி, முக்கால் அடி அகலமுள்ள சிமெண்டு விளிம்பின் மேல், சுவரோடு நெஞ்சை ஒட்டிக்கொண்டு, கழுத்தில் துணிப்பை, கையில் கெட்டில். அந்த விளிம்பு முழுக்கப் பாசி. இரண்டு மாடி கீழே துவைக்கிற கல்லும் சிமெண்டுத் தரையும். வாலு அவரை முறைத்தாள். அவர் கண்ணடிக்கப் பார்த்தார், முடியவில்லை. உதடு வெளுத்திருந்தது.

அவர் ஜன்னலைத் தாண்டி மறைந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மழைச்சாரல் அடிக்கிறதென்று ஆறாம் அறை ஜன்னலை விடிகாலையில் உள்ளே கொண்டி போட்டது அவளேதான்.

"ஏழு... எட்டு. சரியா இருக்கு," என்று எழுதினார் ஆய்வாளர். "கண்ணாடி கொஞ்சம் ஒசரமா மாட்டிட்டீங்க."

பக்கத்து அறைப் பக்கமிருந்து டொக், டொக் என்று கண்ணாடியைத் தட்டுகிற சத்தம்.

"என்ன சத்தம் அது?"

"புறா மேடம். சனியன், எப்பவும் கொத்திகிட்டே கெடக்கும்."

இன்னும் கொஞ்சம் பொறுத்தால் போதும். ஆய்வாளர் குளியலறைக்குள் போனதும் ஓடிப்போய்க் கொண்டியை நீக்கிவிடலாம், பலகையும் பிழைக்கும். ஆனால் அவர் கட்டிலில் உட்கார்ந்து மெத்தையை அழுத்திப் பார்த்தார். ஒரு பக்கம், மறு பக்கம். டொக் டொக் நின்றுவிட்டது.

கீழே 'ணங்' என்று ஏதோ விழுந்து உருண்டது.

"மேடம், புறா இல்ல! எங்க அத்தான்!"

கத்திக்கொண்டே ஓடினாள். ஆறாம் அறைக் கதவு சுவரில் மோதித் திறந்தது. கண்ணாடிக்கு வெளியே அத்தான் மண்டியிட்டிருந்தார். ஒரு கால் விளிம்பிலிருந்து வழுக்கி அந்தரத்தில் தொங்கியது, விரல்கள் ஜன்னல் சட்டத்தைப் பற்றியிருந்தன. மரச்சட்டம் மழையில் ஊறி, கொண்டி இறுகிப்போயிருந்தது. செருப்பைக் கழற்றி இரண்டு அடி அடித்து, உட்பக்கமாக இழுத்தாள். திறந்தது. சட்டையைப் பிடித்தாள், பொத்தான் தெறித்தது. அவள் தோளுக்கு மேலாக இன்னொரு கை நீண்டு அத்தானின் இடுப்பு பெல்ட்டைப் பற்றியது. ஆய்வாளரின் கை. இருவரும் சேர்ந்து இழுத்த இழுப்பில் மூவரும் தரையில் விழுந்தார்கள்.

அத்தான் மெல்ல எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஒம்பது நாள் கொழந்தைக்கு அப்பா இவரு," என்றாள் வாலு, யாரிடமென்று இல்லாமல்.

ஆய்வாளர் அறையைச் சுற்றிப் பார்த்தார். விளக்கில்லாத கட்டில், வெறும் மேசை. "கீழ விழுந்தது மூணாவது ரூம் கெட்டிலா?"

"ஆமாங்க. நாலுலயும் அஞ்சுலயும் நீங்க பாத்ததும் கீழ் ரூம் சாமான்தான். மூணு ரூமுக்குத்தான் இருக்கு."

"அப்புறம் எதுக்கு ஆறு ரூம்னு விண்ணப்பம் போட்டீங்க?"

"ஆறு இருக்குல்ல மேடம்! ரூம் கொறஞ்சா நட்சத்திரமும் கொறையும்னு..."

"யாரு சொன்னா? மூணு ரூம் மட்டும் வாடகைக்குன்னு எழுதியிருந்தா, நான் மூணத்தான் பாத்திருப்பேன். மூணு நட்சத்திரம் நிக்கும். இந்த மூணையும் பூட்டிட்டுப் போயிருக்கலாமே, அம்மா."

அத்தான் தலையில் அடித்துக்கொண்டார். வாலுவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, இரண்டும் பாதியில் நின்றன.

"இப்ப மாத்தி எழுதலாமா மேடம்?"

"வந்தது ஆறுக்கு. பாத்ததத்தான் எழுதணும். ரெண்டு நட்சத்திரம். புது விண்ணப்பம் போடுங்க, யாராவது வருவாங்க. எப்பன்னு சொல்ல மாட்டோம்." எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். வாசல்வரை போய்த் திரும்பினார். "அந்த ஜன்னலுக்கு இன்னைக்கே கம்பி வைங்க. அது என் படிவத்துல இல்ல, நானா சொல்றேன்."

அவர் படியிறங்கி முடிப்பதற்குள் வாலுவின் கைபேசி அடித்தது. அக்கா.

"என்னடி, குரல் ஒரு மாதிரி இருக்கு? யாராச்சும் வந்தாங்களா?"

"வந்தாங்கக்கா. ஒண்ணு போயிடுச்சு."

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கியது. அக்கா அதைத் தட்டிக்கொடுக்கிற சத்தம். "உங்க அத்தான் எங்க? அவர்ட்ட குடு."

அத்தான் கை நீட்டினார். ஜன்னலைப் பற்றிய விரல்கள் இன்னும் மடங்கியே இருந்தன, கைபேசி அதில் நிற்கவில்லை. வாலு பக்கத்தில் உட்கார்ந்து அதை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.