கோட்டுக்கு அந்தப் பக்கம்

என் பார்லரில் தலை காயவைக்க உட்காரும் பெண்களுக்கு ரேடியோ தேவைப்பட்டதே இல்லை. பின்சுவருக்கு அப்பால் பந்து தரையில் மோதும் சத்தம் சாயங்காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். என் அக்கா மகள் ரெனிட்டா பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கி, பையைப் படியில் வீசிவிட்டுப் பந்தை எடுத்தால் இருட்டும்வரை விடமாட்டாள்.

"எர்லீன், உன் அக்கா பொண்ணு ஒருநாள் இந்தச் சுவத்த என் தலைமேலயே தள்ளப் போறா," என்பாள் எங்கள் சர்ச் டீக்கன் வீட்டம்மா.

"தள்ளட்டும். அப்பவாவது அந்தத் தலைக்கு ஒரு வடிவம் வருதான்னு பாப்போம்," என்பேன். வாடிக்கைக்காரியிடம் பேசும் பேச்சா இது என்று கேட்காதீர்கள். நியூ கேனனில் வேறு பார்லர் கிடையாது.

அவள் பந்து போடும் கூடைப்பந்து வளையம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துடையது. நியூ கேனன், கறுப்பர்கள் தாங்களே கட்டி எழுப்பிய ஊர். ஓக்லஹோமாவில் அப்படி இன்னும் சில உண்டு. பிள்ளைகள் போதவில்லை என்று சொல்லிப் பள்ளியைப் பூட்டி, இருந்தவர்களைப் பேருந்தில் ஏற்றி பக்கத்து ஊரான ஹார்மனின் வெள்ளைக்காரப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அன்றே போய் வளையத்தைக் கழற்றிக்கொண்டு வந்து பார்லருக்குப் பின்னால் அடித்தேன். ஒன்றுதான் கிடைத்தது; மற்றது எந்தப் புண்ணியவான் வீட்டில் தொங்குகிறதோ. அடித்த இடமும் சரியில்லை. வளையத்துக்கு முன்னால் பெக்கன் மரத்தின் கிளை ஒன்று குறுக்கே நீண்டிருந்தது.

"அந்தக் கிளைய வெட்டு சித்தி," என்று ரெனிட்டா கெஞ்சாத வாரமில்லை.

"அதுல காய்க்கிற கொட்டை இல்லாம எனக்குக் கிறிஸ்துமஸே கிடையாது. நீ வேணா இன்னும் மேல தூக்கிப் போடு."

போட்டாள். அவள் பந்து கிளைக்கு மேலே போய், வானத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, வளையத்துக்குள் இறங்கும். பத்துக்கு எட்டு பழுதில்லாமல் இறங்கும்.

இனி ஆட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்குப் பிடிபடாது. எங்கள் மாநிலத்தில் பெண்பிள்ளைகளின் கூடைப்பந்துக்கு அணிக்கு ஆறு பேர். முழு மைதானமும் ஓடினால் பெண் உடம்பு தாங்காது என்று எந்த மகராசனோ ஒரு காலத்தில் முடிவு செய்துவிட்டான். அதனால் நடுவில் ஒரு கோடு. அந்தப் பக்கம் மூன்று பேர் கூடையில் போடுவார்கள். இந்தப் பக்கம் மூன்று பேர் எதிரணியைத் தடுப்பார்கள். கோட்டில் கால் பட்டால் விசில். தடுக்கிறவள் பந்தைப் பிடுங்கினால் கோட்டுக்கு மேலே அந்தப் பக்கம் எறிந்துவிட்டு, இடுப்பில் கைவைத்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அவளை யாராவது அடித்துத் தள்ளினால்கூட, அதற்கான ஃப்ரீ த்ரோவை அந்தப் பக்கம் நிற்பவள்தான் போடுவாள். அடி ஒருத்திக்கு, கைதட்டல் இன்னொருத்திக்கு.

நான் படித்த காலத்தில் கோட்டுக்கு இரண்டு பக்கமும் எங்கள் பிள்ளைகள்தான். ஹார்மனில் போடுகிற பக்கம் மூன்று வெள்ளை முகம், தடுக்கிற பக்கம் மூன்று கறுப்பு முகம். எந்த வருஷம் போய்ப் பார்த்தாலும் அதேதான். ஹார்மன் அணியின் கோச் ப்ரூவிட் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஒரே சண்டையில் முடித்திருப்பேன். அவர் பாராட்டுவார், அதுதான் தொல்லை.

"உங்க பிள்ளைங்களுக்கு அது ரத்தத்துலயே இருக்கு மிஸ் எர்லீன். என்ன வேகம், என்ன பலம்! தடுக்கறதுக்குன்னே பொறந்தவங்க."

"போடறதுக்குன்னு பொறந்தவங்க எந்த ஆஸ்பத்திரியில பொறந்தாங்க கோச்? விலாசம் குடுங்க. அடுத்த பிரசவத்துக்கு நாங்களும் அங்கயே போறோம்."

விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஒவ்வொரு வருஷமும் பயிற்சியின் முதல் நாள் ரெனிட்டா அவர்முன் போய் நிற்பாள். "கோச், நான் அந்தப் பக்கம் ஆடட்டுமா?" ஒவ்வொரு வருஷமும் ஒரே பதில்: "அப்புறம் யாரும்மா தடுப்பா?" அவள் அழுததில்லை. வீட்டுக்கு வந்து கிளைக்கு மேலே பந்தை எறிவாள். அவள் மனசில் இருந்தது ஒன்றே ஒன்று, கல்லூரிக்கு ஆடவேண்டும். நன்றாக ஆடினால் படிப்புச் செலவு முழுவதையும் கல்லூரியே ஏற்கும். ஆனால் கல்லூரி ஆட்டத்தில் ஐந்து பேர், கோடு கிடையாது, எல்லாரும் எல்லாம் செய்யவேண்டும். ஒரு ஆட்டத்திலும் பந்தைக் கூடையில் போட்டறியாத பெண்ணை எவர் கூப்பிடுவார்?

எண்பத்தாறாம் வருஷம் மார்ச் மாதம், ரெனிட்டாவுக்குப் பள்ளியில் கடைசி வருஷம். மெரிடித் பள்ளியோடு வட்டாரத்தின் இறுதி ஆட்டம். நியூ கேனன்காரர்கள் நாங்கள் எப்போதும்போல மேல்மூலையில் உட்கார்ந்திருந்தோம். அங்கேதான் உட்காரவேண்டும் என்று யாரும் சொன்னதில்லை, யாருக்கும் சொல்லத் தேவையும் இருந்ததில்லை. எங்கள் நடுவே வந்து உட்கார்ந்தாள் நெட்டையான ஒரு கறுப்புப் பெண்மணி. மிஸ் கெய்ன்ஸ் என்று பேர், ஒரு கல்லூரி அணியின் கோச்.

"யாரப் பாக்க வந்தீங்க மேடம்?" என்றேன்.

"பன்னெண்டாம் நம்பர். கிரிஸ்டி. எங்கிட்ட ஒரே ஒரு இடம்தான் பாக்கி இருக்கு."

"கண்ணக் கொஞ்சம் கோட்டுக்கு இந்தப் பக்கம் திருப்புங்க. இருபத்தி நாலு. என் அக்கா பொண்ணு."

"பாத்துட்டேன். பிரமாதமாத் தடுக்கறா. ஆனா அவ பந்து போட்டு யாரு பாத்தா?"

"எங்க வீட்டுப் பின்னாடி வந்து பாருங்க!"

"எல்லார் வீட்டுப் பின்னாடியும் ஒரு சாம்பியன் இருக்காங்கம்மா. நான் ஆட்டத்துல பாக்கணும்."

எனக்கு வாயடைத்துப்போனது. டீக்கன் வீட்டம்மா ஜென்ம சாபல்யம் அடைந்ததுபோல என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆட்டமா அது! ஒரு நிமிஷம் நாங்கள் மேலே, மறு நிமிஷம் அவர்கள் மேலே. மெரிடித் பெண்கள் கூடைக்குக் கீழே வந்தாலே ரெனிட்டாவின் கை முளைத்துவிடும். பிடுங்குவாள், கோட்டுக்கு மேலே எறிவாள், கிரிஸ்டி போடுவாள், ஹார்மன் முழுக்க "கிரிஸ்டி! கிரிஸ்டி!" என்று கத்தும். நான் மட்டும் "பிடுங்கினது யாருடா?" என்று கத்தித் தொண்டையைக் கிழித்துக்கொண்டேன்.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருக்கும்போது, நாங்கள் ஒரு புள்ளி மேலே இருந்தபோது, அது நடந்தது. போடுகிற பக்கத்துப் பெண் ஒருத்தி ஐந்தாவது ஃபவுல் வாங்கி வெளியேறினாள். அவளுக்கு மாற்றாக இருந்தவள் ஏற்கெனவே கணுக்கால் பிசகிக் காலில் பனிக்கட்டி கட்டி உட்கார்ந்திருந்தாள். கோச் ப்ரூவிட் பெஞ்சை மேலும் கீழும் பார்த்தார். தடுக்கிற பிள்ளைகள்தான் மிச்சம்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ரெனிட்டா காத்துக்கொண்டிருக்கவில்லை. நடந்துபோய் நடுக்கோட்டுக்கு முன்னால் ஒரு கணம் நின்றாள். பிறகு சாக்கடையைத் தாண்டுவதுபோல ஒரு காலை உயர்த்தி வைத்து, அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

நடுவர் கோச்சைப் பார்த்தார். "இவதான் ஆடறாளா? சொல்லுங்க, நேரமாகுது."

அத்தனை பேர் முன்னால் "திரும்பி வா" என்று சொல்லக் கோச்சுக்கு நா எழவில்லை. பெஞ்சிலிருந்து இன்னொருத்தியைத் தடுக்கிற பக்கத்துக்கு அனுப்பினார். எங்கள் மூலை மொத்தமும் எழுந்து நின்றது.

பந்து வந்தது. கிரிஸ்டியை இரண்டு பேர் மறித்திருந்தார்கள், அவள் ரெனிட்டாவுக்குத் தள்ளிவிட்டாள். கூடைக்கு மிக அருகில், பந்து கையில், முன்னால் ஒருவருமில்லை.

ரெனிட்டா என்ன செய்தாள் தெரியுமா? சுழன்று திரும்பி, தன் பலத்தையெல்லாம் கூட்டி, பந்தை நடுக்கோட்டுக்கு மேலே எறிந்தாள்.

மூன்று வருஷப் பழக்கம். பந்து கைக்கு வந்தால் கோட்டுக்கு அந்தப் பக்கம் எறி. கை எறிந்துவிட்டது. அங்கே நின்ற மெரிடித் பெண், நம்பமுடியாமல் ஒருகணம் பந்தைப் பார்த்துவிட்டு, நேரே கூடையில் போட்டாள். அவர்கள் ஒரு புள்ளி மேலே.

அரங்கம் சிரித்தது. அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது. "அவங்க பக்கத்துக்கே அனுப்புங்க அவள!" என்று கீழே ஒருவன் கத்தினான்.

"எவன்டா அவன்? மேல வா, உனக்கு முடி வெட்டி விடறேன்!" என்று நானும் கத்தினேன். டீக்கன் வீட்டம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். மிஸ் கெய்ன்ஸ் கைப்பையை மூடிக்கொண்டிருந்தாள்.

அவளை மாற்றக் கோச்சுக்கு ஆட்டத்தை நிறுத்த இனி வாய்ப்பில்லை, டைம்-அவுட் எல்லாம் தீர்ந்திருந்தது. நடுவட்டத்தில் பந்து கிரிஸ்டியின் கைக்குப் போனது. இந்தத் தடவை மூன்று மெரிடித் பெண்களும் அவளையே மொய்த்தார்கள். ரெனிட்டாவை மறிக்க ஒரு ஆள் வீண் என்று அவர்கள் நினைத்ததில் தப்பில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். கிரிஸ்டிக்கு எறிய இடமில்லை. நேரமில்லை. கீழே குனிந்து, அவர்களின் கால்களுக்கு இடையே பந்தை உருட்டிவிட்டாள்.

ரெனிட்டா எடுத்தாள். அவள் தோள் கோட்டை நோக்கித் திரும்பத் தொடங்கியதை நான் பார்த்தேன்.

"கிளைடீ!" என்று அலறினேன். "கிளைக்கு மேல!"

தோள் நின்றது. ரெனிட்டா தலையை நிமிர்த்தினாள். அங்கே ஏது கிளை? ஆனாலும் பந்து மேலே போனது. கூரை விளக்குகளுக்குப் பக்கத்தில் போனது. இது எங்கேயோ போகிறது என்று ஹார்மன் ஜனம் தலையில் கைவைத்தது. மணி அடித்தது. பந்து இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

வளையத்தின் விளிம்புகூட அதிரவில்லை. வலை மட்டும் ஒரு தரம் ஆடியது. மணிக்கு முன்பே கையை விட்ட பந்து கணக்கில் சேரும்; ஒரு புள்ளியில் ஜெயித்துவிட்டோம்.

அதற்கப்புறம் யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. டீக்கன் வீட்டம்மாவின் கொண்டை, நான் காலையில் இரண்டு மணி நேரம் செலவழித்த கொண்டை, என் கையாலேயே கலைந்தது. கீழே இறங்கியதும் கோச் ப்ரூவிட் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"எனக்குத் தெரியும் மிஸ் எர்லீன். அவளுக்குள்ள அது இருக்குன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"எப்பவே கோச்?"

பாவம், அவர் பதில் தேடிக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு மிஸ் கெய்ன்ஸ் தளத்துக்கு இறங்கி வந்தாள். "ஒரு பந்துக்கெல்லாம் நான் மயங்கறவ இல்ல," என்றாள் ரெனிட்டாவிடம். "இந்தக் கூடைலேர்ந்து அந்தக் கூடை வரைக்கும் பந்தத் தட்டிக்கிட்டே ஓடு. போய்ப் போடு. அத நான் பாக்கணும்."

எங்கள் ஊரில் இருப்பதோ ஒரே வளையம். இவ்வளவு தூரம் அவள் வாழ்நாளில் ஓடியதில்லை. ரெனிட்டா பந்தைத் தட்டிக்கொண்டு கிளம்பினாள். என்ன ஓட்டம் அது! நடுக்கோடு வந்தது. கால் நின்றுவிட்டது. ஆணி அடித்ததுபோல, கோட்டுக்கு ஒரு விரல்கடை முன்னால். பந்து மட்டும் கோட்டைத் தாண்டித் தனியாகத் துள்ளிக்கொண்டு போனது.

"சித்தி," என்றாள். முதல்தடவையாக அவள் குரல் உடைந்து கேட்டேன். "கால் வரமாட்டேங்குது சித்தி."

குதி உயர்ந்த செருப்போடு அந்தத் தளத்தில் நடக்கக்கூடாது என்று சுவரில் எழுதியிருக்கும். நடந்தேன். போய்க் கோட்டின்மேல் ஏறி நின்றேன்.

"வெறும் பெயிண்ட்டுடீ இது. பாரு, மிதிக்கறேன். எவன் விசில் அடிக்கறான்னு பாப்போம்!"

யாரும் அடிக்கவில்லை. ரெனிட்டா என் செருப்பைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தாண்டிப் போய்ப் பந்தை எடுத்துக்கொண்டு, பழைய கூடைக்கே திரும்பி நடந்து, முதலிலிருந்து கிளம்பினாள்.

இந்தத் தடவை என் பக்கத்தில் காற்றுதான் அடித்தது. தாண்டினாள். போட்டாள். பந்து தரையைத் தொடுமுன் பிடித்துக்கொண்டு திரும்பினாள், மறுபடி தாண்டினாள், இந்தக் கூடையில் போட்டாள், மறுபடி அங்கே. நான் குழந்தைபோலக் குதித்துக்கொண்டிருந்தேன், கண்ணில் தண்ணீர்.

"போதும், போதும்! பாத்துட்டேன்," என்றாள் மிஸ் கெய்ன்ஸ் சிரித்துக்கொண்டே. "ஏம்மா, நிறுத்தச் சொல்லேன் அவள."

"நான் சொல்ல மாட்டேன் மேடம். மூணு வருஷம் நிறுத்தி வெச்சது போதாதா?"

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஓடுகிறவளையே பார்த்தபடி நின்றாள். "ஆகஸ்ட்ல கொண்டுவந்து விடுங்க," என்றாள். "பழைய ஷூவோட வேணாம், அது அதுக்குள்ள தேஞ்சிடும்."

காவலாளி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்தான். ரெனிட்டா மறுபடியும் கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.