வேலியில் பூஞ்சை

கழுத்தில் டை கட்டிய ஒரு மனிதர் நீச்சல் குளத்தின் ஓரத்தில் மண்டியிட்டு, விரலைத் தண்ணீரில் முக்கி வாயில் வைத்தார். கண்ணை மூடிக் கொஞ்சம் யோசித்தார். பிறகு பக்கத்துப் புல்லில் துப்பிவிட்டு மறுபடியும் முக்கினார். அடுப்பில் கொதிப்பதில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறவர்களுக்கு ஒரு முகம் இருக்குமே, அந்த முகம். அலுவலகத்துக்குக் கிளம்புகிற நேரத்தில் ஒரு ஆம்பிளை செய்கிற காரியமா இது என்று நான் வேலிக்கு இந்தப் பக்கம் தேநீரும் கையுமாக ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வேலிச் செடியில் ஒரு சந்து உண்டு. தானாக விழுந்த சந்துதான். ஒன்றிரண்டு கிளைகளை நான் ஒதுக்கிவிட்டிருக்கலாம். செடிக்கும் காற்று வேண்டுமில்லையா.

பக்கத்து வீட்டைப் புதிதாக வாங்கிக்கொண்டு வந்த இவர் இன்ஷூரன்ஸ் சர்வேயர். எரிந்தது, நனைந்தது, இடிந்தது எல்லாவற்றையும் நேரில் போய்ப் பார்த்து, இதற்குப் பணம் தரலாமா கூடாதா என்று எழுதிக் கொடுக்கிற உத்தியோகம். மூலைக் கடைத் தையல்காரர் இவரைத் தெருவில் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார். முன்பு ஒரு மழையில் கடைக்குள் தண்ணீர் இறங்கி வாடிக்கையாளர் துணியெல்லாம் நாசமானபோது, வந்து பார்த்துவிட்டு ‘பராமரிப்புக் குறைவு’ என்று எழுதிவிட்டுப் போனவர் இவர்தானாம். கூரை ஓட்டையைக் கவனிக்காமல் விட்டது தன் தப்புதான் என்பதைத் தையல்காரரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு வார்த்தையை அவர் மறக்கவில்லை. அவரிடம் துணி தைக்கக் கொடுக்கிற எங்களையும் மறக்க விடவில்லை.

சர்வேயரின் மனைவிக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. மாடிப்படியில் சறுக்கி விழுந்த விஷயம். தண்ணீருக்குள் நடந்தால்தான் கால் வசத்துக்கு வரும் என்று பயிற்சி கொடுக்கிறவர் சொல்லிவிட்டதால், பழைய வீட்டை விற்றுக் குளம் இருக்கிற இந்த வீட்டை வாங்கினார்கள். குடிவந்த அன்று அந்தப் பெண் கைத்தடியோடு எங்கள் வாசலுக்கு வந்து அறிமுகப்படுத்திக்கொண்டது. ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து நின்ற என் வேலிச் செடியைக் காட்டி, இது இருப்பதால்தான் இந்த வீடே பிடித்தது, இல்லாவிட்டால் நாலு பேர் பார்க்கத் தண்ணீரில் இறங்க எனக்குக் கூச்சமாக இருக்கும் அக்கா என்றது. நானும் ஆமாம்மா, ஆமாம்மா என்று தலையாட்டினேன். ஸ்டூல் அப்போதே அங்கேதான் கிடந்தது.

அது உப்புத் தண்ணீர்க் குளம். இந்த விவரமெல்லாம் சர்வேயர் கைபேசியில் பார்த்துக் கற்றுக்கொண்ட காணொளிகளிலிருந்து எனக்கும் அத்துப்படி. அவர் சத்தத்தைக் குறைக்கிற பழக்கம் இல்லாதவர். குளோரினை வாங்கிக் கொட்ட வேண்டியதில்லையாம். தண்ணீரில் அளவாக உப்பைக் கரைத்துவிட்டால், பம்ப் அறையில் இருக்கிற ஒரு மிஷின் அதில் கரண்டைப் பாய்ச்சித் தானே குளோரின் தயாரித்துக்கொள்ளுமாம். மனிதர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி உற்சாகமாக ஆரம்பித்தார். நீளக் கம்பு வலையால் இலை அள்ளினார், பிரஷ்ஷால் சுவரைத் தேய்த்தார், தண்ணீரில் முக்கிய கலர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து டப்பாவின் மேலிருந்த கட்டங்களோடு ஒப்பிட்டார். மனைவி ஒத்தாசைக்கு வந்தால், நீ நடக்கிற வேலையைப் பாரு, மிஷின் என் டிபார்ட்மெண்ட் என்று துரத்திவிடுவார். அது பழைய நைட்டியோடு ஆழமில்லாத பக்கம் இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்கும். நைட்டி பலூன் மாதிரி தண்ணீருக்கு மேலே எழும்பும். அது ஒரு கையால் அதை அமுக்கிக்கொண்டே நடக்கும். இதைத் தையல்காரரிடம் நான்தான் சொன்னேன். பரப்பவில்லை. பேச்சுவாக்கில் வந்தது.

அப்புறம் மிஷினில் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. உப்புக் குறைவு என்று அர்த்தம். சர்வேயர் ஒரு மூட்டை உப்பு வாங்கி வந்து கொட்டினார். விளக்கு அணையவில்லை. இன்னொன்று கொட்டினார். குளக் கடையில் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஊரில் உள்ளவர்களையெல்லாம் ஏன் கவனிக்கவில்லை, ஏன் கேட்கவில்லை என்று கேட்டுப் பழகிய வாய், தனக்கென்று வந்தபோது திறக்கவில்லை போலிருக்கிறது. கார் டிக்கியிலிருந்து மூட்டை இறங்குவதைப் பார்த்துப் பார்த்து, யாரை ஊறுகாய் போடப் போகிறார் என்று தெருவே கேட்க ஆரம்பித்தது. எங்கள் வீட்டுக்காரர் ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருக்கக்கூடியவர், அவரே பேப்பரை இறக்கிவிட்டு, “இன்னும் ரெண்டு மூட்டை போட்டா மீன் தானா வந்துடும்” என்றார். அந்தப் பெண் கண் எரிகிறது என்று சிவந்த கண்ணோடு கரையேறும். உப்புக் குளம்னா அப்படித்தான் இருக்கும் என்று இவர் சமாதானம் சொல்வார். சொல்லிவிட்டு, அது உள்ளே போனதும் மண்டியிட்டு நக்கிப் பார்ப்பார்.

ஒருநாள் அந்தப் பெண் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பம்ப் அறைக்கே வந்துவிட்டது. கரண்டை நிறுத்தச் சொல்லி, குழாயின் நடுவிலிருந்த ஒரு துண்டைக் கழற்றி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொன்னது. உள்ளே வரிசையாகத் தகடுகள். தகடே தெரியாத அளவுக்கு வெள்ளையாக ஏடு படிந்திருந்தது.

“நம்ம கெட்டில்ல பிடிக்குமே, அதே காரைதாங்க இது” என்றது. “உப்பு இருக்கிறதே மிஷினுக்குத் தெரியல. நீங்க மேல மேல கொட்டினா மட்டும் தெரிஞ்சுடுமா?”

தகடுகளை அது வினிகரில் ஊறப்போட்டது. திரும்ப மாட்டியதும் சிவப்பு விளக்கு அணைந்து, வேறு ஒரு விளக்கு எரிந்தது. உப்பு அதிகம். சிரிப்பை அடக்க நான் தேநீரைப் பார்த்துக் குனிய வேண்டியிருந்தது. நிமிர்ந்தபோது அவர் பம்ப் அறை வாசலில் நின்று இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு போய்விட்டது.

உப்பு கூடினால் குறைக்க மருந்து கிடையாது. பாதித் தண்ணீரை வெளியேற்றி நல்ல தண்ணீர் விட வேண்டும். தெரு வடிகாலில் விடலாம், ஆனால் வடிகால் வாசல் பக்கம், வாசலில் விட்டால் தெருவே பார்க்கும். அதனால் அவர் பொழுது புலர்வதற்குள் ஒரு குழாயை இழுத்துக்கொண்டு வந்து வேலியோரம் போட்டுவிட்டு, பூனை மாதிரி உள்ளே போவார். அடுத்தடுத்துச் சில நாள் காலையில் இப்படி நடந்தது. நானும் பார்த்தேன். பார்த்து என்ன நினைத்தேன் தெரியுமா? பரவாயில்லை, என் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை மிச்சம் என்று நினைத்தேன். அது என்ன தண்ணீர் என்று அவரைவிட எனக்கல்லவா நன்றாகத் தெரியும்? நக்கிப் பார்த்தது அவர்தான், ஆனால் மூட்டைகளை எண்ணியது நான்.

இலைகளின் ஓரம் முதலில் கருகியது. பிறகு பழுத்துக் கொட்ட ஆரம்பித்தது. என் சந்து பெரிதாகிக்கொண்டே போனது. முழங்கை நுழைகிற அளவிலிருந்து ஆள் நுழைகிற அளவுக்கு. கடைசியில் சந்து என்று தனியாக ஒன்றும் இல்லை. வெறும் குச்சிகள் நின்றன. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தெரிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கமும்.

எங்கள் வீட்டுக்காரர் கள்ளமில்லாமல் சர்வேயரையே கூப்பிட்டுவிட்டார். சேதம் பார்ப்பதுதானே உங்கள் தொழில், இதையும் கொஞ்சம் பாருங்கள் என்று. அவர் வந்தார். குச்சியை ஒடித்துப் பார்த்தார், குனிந்து வேரடியைப் பார்த்தார். மண்ணின் மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. சும்மா நிற்கிறவர் போல ஷூவைக் கொண்டுபோய் அதன் மேல் வைத்துக்கொண்டார். நான் அந்த ஷூவையே பார்த்தேன். நான் பார்ப்பதை அவர் பார்த்தார். சொல்ல வேண்டிய வாக்கியம் என் நாக்கில் வந்து நின்றது. குழாயைப் போட்டது நீங்கள்தானே தம்பி, என் கண்ணாலேயே பார்த்தேனே.

அவர் பார்வை என் ஸ்டூலுக்குப் போனது. ஸ்டூலின் முன்னால் என் செருப்பு தேய்த்துத் தேய்த்துப் புல் முளைக்காமல் போன இரண்டு வழுக்கைகள். பக்கத்துக் கல்லில் தேநீர்க் கோப்பை வைத்த வட்டக் கறை, ஒன்றின் மேல் ஒன்றாக. ஸ்டூல் எந்தப் பக்கம் பார்த்துப் போட்டிருக்கிறது என்பதற்கு சர்வேயர் தேவையில்லை, சின்னப் பிள்ளையே சொல்லிவிடும்.

“இந்த ஸ்டூல் எப்பவும் இங்கயேதான் இருக்குமா அக்கா?” என்றார்.

“செடியைக் கவனிக்கத்தான் தம்பி” என்றேன்.

அவர் தலையாட்டினார். எங்கள் வீட்டுக்காரரிடம் திரும்பி, “வேர்ல பூஞ்சை சார். பராமரிப்பு குறைஞ்சா இப்படித்தான் ஆகும்” என்றார். சொல்லும்போதே அவர் காது மடல் இரண்டும் சிவந்தன. ஆமாம் தம்பி, என் கவனக்குறைவுதான் என்றேன் நான். எனக்கும் காதில் சூடு தெரிந்தது. அவர் போன பிறகு எங்கள் வீட்டுக்காரர் பூச்சிமருந்துக் கடைக்குப் போய் நல்ல விலை கொடுத்து ஒரு பூஞ்சை மருந்து வாங்கி வந்து, செத்த குச்சிகளுக்கெல்லாம் ஒன்று விடாமல் சிரத்தையாக அடித்தார். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

குளத்துத் தண்ணீர் அப்போதுதான் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. ஆனால் இறங்க ஆள் இல்லை. அந்தப் பெண் கூடத்துக்குள்ளேயே கைத்தடியோடு நடந்தது. ஜன்னல் திரைக்குப் பின்னால் நிழல் போய்வருவது தெரியும். அந்தத் தடி தரையில் படுகிற சத்தம் நாளாக நாளாகப் பலமாகக் கேட்டது. பயிற்சி கொடுக்கிறவர் வந்துவிட்டுப் போகும்போது வாசலில் நின்று, இப்படியே விட்டால் இந்தக் கால் இப்படியேதான் நிற்கும் என்று சர்வேயரிடம் சொன்னார். அவர் குளத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என் குச்சிகளைப் பார்த்தார்.

மறுநாள் சாயங்காலம் அந்தப் பெண் எங்கள் பக்கவாட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு நேராகத் தோட்டத்துக்கே வந்துவிட்டது. நான் துணி எடுத்துக்கொண்டிருந்தேன்.

“அவர் பூஞ்சைன்னு சொன்னாராமே அக்கா.”

“ஆமாம்மா.”

“பூஞ்சை இல்ல. எங்க உப்புத் தண்ணி. நேத்துதான் என்கிட்ட சொன்னாரு. சொல்லிட்டு சாப்பிடாம போய்ப் படுத்துட்டாரு.”

அப்படியா என்று ஆச்சரியப்படுவது எனக்குக் கைவந்த கலை. வாயைக் கூடத் திறந்துவிட்டேன். வந்தது வேறு.

“தெரியும்மா” என்றேன்.

அது ஸ்டூலைப் பார்த்தது. பிறகு என்னை. “தையல்காரர்கிட்ட தண்ணில போட்டுக்க ஒரு டிரெஸ் தைக்கக் குடுத்தேன். அளவெடுக்கும்போது அவரே சொல்றாரு, கீழ கனமா ஒரு பட்டி வெச்சுடறேன், பலூன் மாதிரி எழும்பாதுன்னு. நான் அவர்கிட்ட பலூன்னு சொல்லவே இல்லையே அக்கா.”

கையிலிருந்த காய்ந்த துணியை மடித்தேன். பிரித்து மறுபடி மடித்தேன். சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன், அழுதிருந்தால் சேர்ந்து அழுதிருப்பேன். அது இரண்டும் செய்யாமல் தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டது.

“அதை விடுங்க. முதல் நாள்லேர்ந்து பார்த்தது நீங்க ஒருத்தர்தான். அவர் மிஷினைத்தான் பாத்துட்டிருந்தாரு. நீங்க சொல்லுங்க, நான் தேறினேனா?”

நான் அதன் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். “ஆரம்பத்துல சுவத்தை விடவே மாட்டே. இடது கால் எப்பவும் பின்னாடிதான் வரும். கண்ணு எரியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி கையை விட்டுட்டே. திரும்பற இடத்துல மட்டும் ஒரு தடுமாட்டம் இருந்துது. அதுவும் போயிருக்கும்.”

“இப்போ?”

கேட்டிலிருந்து தோட்டம் வரை அது நடந்து வந்ததை நான் பார்த்திருந்தேனே. “இப்போ மறுபடியும் இழுக்குதும்மா.”

டாக்டர் சொன்னதைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டது. போகும்போது சமநிலைக்காக ஒரு குச்சியைப் பிடித்தது. அது பட்டென்று கையோடு வந்துவிட்டது. அதை என் ஸ்டூலின் மேல் பத்திரமாக வைத்துவிட்டுப் போனது.

மறுநாள் காலை சர்வேயர் ஒரு படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து குச்சிகளில் கட்டப் பார்த்தார். கட்டக் கட்டக் குச்சி ஒடிந்தது. கடைசியில் இரண்டு முனைகளையும் தானே பிடித்து, விரிப்பு தன் முதுகுக்குப் பின்னால் திரைபோலத் தொங்கும்படி கைகளை அகல விரித்துத் தூக்கிக்கொண்டு, குளத்துக்கு முதுகையும் எனக்கு முகத்தையும் காட்டி நின்றார். டை கட்டியிருந்தார். விரிப்புக்குப் பின்னால் தடியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. படியில் ஒரு கால், இன்னொரு கால். காற்று வந்து விரிப்பின் ஒரு பக்கத்தைப் பிடுங்கியது. அவர் எட்டிப் பிடித்தார், அந்தப் பக்கம் சரியானது, இந்தப் பக்கம் சரிந்தது. தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது.

நான் தேநீரைக் கல்லின் மேல் வைத்தேன். குச்சிகளை விலக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய், ஒரு முனையை வாங்கி, குளத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன். இரண்டு பேரும் சேர்ந்து என் ஸ்டூலைப் பார்த்தோம்.

“அக்கா, அந்த வேலி...” என்று அவர் ஆரம்பித்தார்.

“கையைத் தூக்கிப் பிடிங்க தம்பி.”

அவர் தூக்கிப் பிடித்தார். பின்னால் தண்ணீர் மறுபடியும் மெதுவாக அசைந்தது. கையை விட்டுவிட்டதா, இடது கால் சேர்ந்து வருகிறதா என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. திரும்பும் இடம் வந்திருக்க வேண்டும், ஒரு நொடி சத்தமே இல்லை. என் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு வலித்தது. காற்றில் விரிப்பு உப்பி என் முதுகில் வந்து ஒட்டியது. நான் நேராக ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதன் மேல் அந்த ஒடிந்த குச்சி அப்படியே இருந்தது.