டிலியா பிடித்த மத்து

மூன்று வாரமாகச் சபைனா வீட்டில் வெண்ணெய் திரளவில்லை. அயர்லாந்தில், கானமாராவின் அந்த மலைச்சரிவில் இதற்குப் பாலைக் குறை சொல்ல மாட்டார்கள். யாரோ மந்திரம் வைத்து வெண்ணெயைக் கொண்டுபோய்விட்டதாகச் சொல்வார்கள். கடைகிற நேரத்தில் வீட்டுக்குள் வருகிறவர் யாரானாலும் பால் பீப்பாய்க்குள் நிற்கும் மத்தைப் பிடித்து நாலு குத்து குத்திவிட்டுத்தான் போவார். குத்தாமல் போகிறவர் மேல்தான் சந்தேகம்.

அன்றைக்குச் சபைனா கடைந்துகொண்டிருந்தபோது அடுத்த வீட்டு டிலியா வந்தாள். ஒற்றைப் பசுவை வைத்துப் பிழைக்கும் விதவை. சபைனாவின் கன்று உருளைக்கிழங்குப் பாத்தியில் இறங்கிவிட்டதென்று சொல்லத்தான் வந்தாள். சொல்லிவிட்டு, சால்வைக்குள் கையை இழுத்துக்கொண்டு திரும்பினாள்.

மத்தைத் தொடவில்லை.

அடுப்பருகே சபைனாவின் கணவன் ஃபெஸ்டியும் அவன் தம்பியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதுபடவே சபைனா கேட்டாள்: "சால்வைக்குள்ள என்னத்த மறச்சு எடுத்துட்டுப் போறீங்க? எங்க வீட்டு வெண்ணெயையா?"

டிலியா திரும்பி வந்து மத்தைப் பிடித்துக் குத்தத் தொடங்கினாள். முகம் வெளுத்தது, நிறுத்தவில்லை. பீப்பாய்க்குள் சத்தம் கனத்து, வெண்ணெய் திரண்டது. மத்தை விட்டுவிட்டு, மோர்கூடக் குடிக்காமல் போனாள்.

மத்தின் காம்பில் ரத்தம் பிசுபிசுத்தது.

பாறையில் கடற்பாசி அறுக்கும்போது டிலியாவின் உள்ளங்கை கிழிந்துவிட்டதைத் தம்பிக்காரன் அப்போதுதான் சொன்னான். முன்பே சொல்லாததற்கு ஃபெஸ்டி அவனைத் திட்டினான். சபைனாவை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. காம்பைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக் கழுவினாள். அந்த வெண்ணெயை ரொட்டியில் தடவியவள் வாயில் வைக்க முடியாமல் கீழே வைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் மன்னிப்புக் கேட்க டிலியாவின் வாசலில் போய் நின்றாள். தலை நிமிரவில்லை.

"கை வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?" என்றாள் டிலியா. குரலில் கோபமே இல்லை.

நம்பியிருக்க மாட்டாள். அது சபைனாவுக்கே தெரிந்தது. தொழுவத்தில் பசு கனத்த மடியோடு கத்திக்கொண்டிருந்தது. ஒற்றைக் கையால் டிலியா பாதிதான் கறந்திருந்தாள். சபைனா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"புதுக் கைன்னா உதைக்கும், பாத்துக்க" என்றாள் டிலியா.

பசு உதைக்கத்தான் செய்தது. பால் சபைனாவின் பாவாடையெல்லாம் கொட்டியது. அவள் எழுந்திருக்கவில்லை. டிலியாவின் கை ஆறும்வரை காலையும் மாலையும் வந்து கறந்தாள். டிலியா அந்த நாளைப் பற்றி அப்புறம் ஒருபோதும் பேசவில்லை.