ஒன்பதாவது அட்டை

“மிஸ், தண்ணியில இருக்கிற பாம்புக்கு வெஷமே இல்லன்னா, எங்கப்பா ஏன் வலையில பாம்பு வந்தா வலையையே அறுத்து வுடுறாரு?”

கேட்டவள் ஆறாம் வகுப்புக் கயல்விழி, தேவனாம்பட்டினத்தில் படகு வைத்திருப்பவரின் மகள். மஞ்சக்குப்பம் நடுநிலைப் பள்ளியில் புதன்கிழமையின் கடைசிப் பிரிவேளை நடந்துகொண்டிருந்தது. அறிவியல் ஆசிரியை மலர்க்கொடியின் கையில் ஒன்பதாவது அட்டை இருந்தது. ஒரு பக்கம் பாம்பின் படம். மறுபக்கம் அவளே எழுதிய வரி: ‘தண்ணீரில் வாழும் பாம்புகளுக்கு நஞ்சு இல்லை. அவற்றைக் கண்டு பயப்படாதே, அடிக்காதே.’

அந்த வரியை இன்னொரு முறை படித்தாள். பிள்ளைகள் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

“உங்கப்பா செய்யறதுதான் சரி கயலு. மிஸ் எழுதினது தப்பு.”

கடைசி வரிசையில் யாரோ, “மிஸ்ஸுக்கு நூத்துக்கு சைபர்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மலர்க்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அட்டை இந்த ஒரு வகுப்பில் மட்டும் இல்லை.

கோடை விடுமுறை முழுவதும் உட்கார்ந்து ஆறு தகரப் பெட்டிகளைத் தயார் செய்திருந்தாள். ஒவ்வொன்றிலும் நண்டு கழற்றிப் போட்ட ஓடு, கடற்கரைச் சிப்பிகள், சுரபுன்னைக் காய், மாவுக்கட்டுப் பொடியில் எடுத்த நரியின் கால்தடம், இருபது பட அட்டைகள். உயிரினங்களைப் பற்றிப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு அடுத்த பள்ளிக்குக் கொடுக்கலாம். பெட்டிகள் இப்போது மாவட்டத்தில் ஆறு பள்ளிகளில் இருந்தன.

தப்பு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். அவள் பிறந்தது திருவதிகையில், விவசாயக் குடும்பத்தில். அவளுக்குத் தண்ணீர் என்றால் குளம், வாய்க்கால், கெடிலம் ஆறு. அங்கே தண்ணீர்ப் பாம்பைக் கண்டால் பையன்கள் கல்லால் அடித்துக் குச்சியில் தொங்கவிட்டுக்கொண்டு போவார்கள். பாவம் அறியாத அந்த உயிர்களுக்காகத்தான் அந்த வரியை எழுதினாள். எழுதும்போது கடல் அவள் நினைவுக்கு வரவே இல்லை. கடல்பாம்பின் நஞ்சு ஆளைக் கொல்லும். இரக்கத்தோடு எழுதிய வரிதான். இரக்கம் மட்டும் போதும் என்று அவள் நினைத்துவிட்டாள்.

பள்ளி விட்டதும் தலைமையாசிரியர் வைத்திலிங்கத்திடம் போய்ச் சொன்னாள்.

“குரூப்புல ஒரு மெசேஜ் போட்டு வுடுங்க மேடம்” என்றார் அவர். “அதுக்குப் போயி ஏன் மொகம் இப்புடி இருக்கு?”

“படிக்காம வுட்டுட்டாங்கன்னா சார்? ஏதாவது ஒரு புள்ள அத நம்பிக் கையில தூக்கிடுச்சுன்னா?”

“சரி, போன் பண்ணிச் சொல்லுங்க. ஆனா எழுத்துல எதுவும் குடுத்துடாதீங்க. அடுத்த மாசம் இன்னும் நாப்பது பள்ளிக்கூடத்துக்குக் கல்வி ஆபீஸ்ல பொட்டி கேட்டுருக்காங்க. தப்புன்னு ஒரு காயிதம் போச்சுன்னா, மொத்தத்தயும் நிறுத்திப்புடுவாங்க. நல்ல காரியம் ஒண்ணு வீணாப் போயிடும். நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அவர் உண்மையாகவே நல்லதுக்குத்தான் சொன்னார். பெட்டிகளுக்குத் தகரம் வெட்டக் கடை கடையாக அலைந்தவர்களில் அவரும் ஒருவர்.

மலர்க்கொடி வராந்தாவில் நின்றே எல்லோருக்கும் போன் செய்தாள். உள்பக்கத்துப் பள்ளிகள் இரண்டும் உடனே அட்டையை எடுத்துவிட்டுப் படம் அனுப்பின. கடலூர் முதுநகர்ப் பள்ளிக்கு வீட்டுக்குப் போகும் வழியில் தானே போய் எடுத்துக்கொண்டாள். சிதம்பரத்து ஆசிரியர் போனை எடுக்கவில்லை. கிள்ளை ஆசிரியரின் போன் அணைந்து கிடந்தது.

கிள்ளைதான் அவளுக்குப் பயம். பிச்சாவரத்துக் கழிமுகம் அந்த ஊரின் வாசலில் இருக்கிறது. அங்கே பிள்ளைகள் வலைகளுக்கு நடுவே வளர்கிறார்கள்.

மறுநாளுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தாள். காலை ஏழரை மணி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது பையில் ஆறு புதிய அட்டைகள் இருந்தன. வழியெல்லாம் அவள் வேண்டியது ஒன்றுதான். ‘சாமி, எந்தப் புள்ள கையும் அதத் தொட்டிருக்கக் கூடாது. மத்தது எதுவானாலும் நான் பாத்துக்கறேன்.’

சிதம்பரத்தில் கிள்ளை பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. பள்ளி பக்கத்திலேயே இருந்ததால் நடந்தாள். ஆசிரியர் அறிவழகன் அவளைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார்.

“ஒரு அட்டைக்காகக் கடலூர்லேர்ந்து பஸ் ஏறி வந்தீங்களா? நேத்து நீங்க கூப்புட்டது நான் பாக்கவே இல்ல மேடம். வூட்டுக்காரி கூப்புட்டாலே நான் எடுக்கறது இல்ல, கேட்டுப் பாருங்க.”

“பெட்டி எங்க சார்?”

“பத்திரமா இருக்கு. பீரோல வச்சுப் பூட்டிருக்கேன். பசங்க எடுத்து ஒடச்சுட்டா நீங்க வருத்தப்படுவீங்கல்ல?”

பெட்டி திறக்கப்படவே இல்லை. வேறொரு நாளாக இருந்தால் அவளுக்கு அழுகை வந்திருக்கும். இன்று கைகூப்பத் தோன்றியது. அட்டையை மாற்றினாள்.

“இனிமே பூட்டாதீங்க சார். ஒடஞ்சாப் பரவால்ல. வேற செஞ்சுக்கலாம்.”

கிள்ளைப் பள்ளிக்குப் போனபோது பத்தரை மணி. தலைமையாசிரியை இளவரசி ஒரு கூட்டத்துக்குப் பரங்கிப்பேட்டை போயிருந்தார். ஆசிரியர் செம்பியன், அவள் கேட்கும் முன்பே போனைப் பற்றிச் சொல்லிவிட்டார்.

“கழியில வுழுந்துடுச்சு மேடம். இப்ப மீனுங்கதான் பேசிட்டிருக்கும். பெட்டியா? வகுப்புலயே இருக்கு. தெனம் தொறக்கறோம்.”

தினம் திறக்கிறார்கள் என்றதும் மலர்க்கொடி அங்கே நிற்கவில்லை. வகுப்புக்குள் போய் அட்டைகளைப் புரட்டினாள். ஒன்பதாவது அட்டையில் அவள் எழுதிய வரியைக் காணோம். நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் வெற்றுப் பக்கம் தெரியும்படி மேலே ஒட்டியிருந்தது. ஓரத்தில் காய்ந்துபோன சோற்றுப் பருக்கை ஒன்று.

“யாரு ஒட்டினது இத?”

செம்பியனுக்குத் தெரியவில்லை. பிள்ளைகளுக்குத் தெரிந்தது. “கொளஞ்சியம்மா” என்று நாலைந்து குரல்கள் வந்தன. “டீச்சர் சொன்னது கொளத்துப் பாம்பு, நம்மூருப் பாம்பு வேறன்னு சொன்னாங்க.”

“சத்துணவு சமைக்கிறவங்க மேடம்” என்று செம்பியன் வெளியே வந்து தணிந்த குரலில் சொன்னார். “நல்ல மனுஷி. ஆனா இப்ப அவுங்க மேல ஒரு புகார் இருக்கு. போன வாரம் எழிலரசின்னு ஆறாவது படிக்கிற பொண்ணு, அது கைய கரண்டியால அடிச்சுட்டாங்க. கை வீங்கிடுச்சு. அவுங்கம்மா அமராவதி வந்து ஒரே சண்ட. ஏன் அடிச்சன்னு கேட்டா கொளஞ்சி வாயத் தொறக்கல. அந்தப் பொண்ணும் சொல்லல. விளக்கம் கேட்டு எழுதிருக்கு. நாளைக்குள்ள பதில் இல்லன்னா மேல அனுப்பணும். வேல போயிடும்.”

மலர்க்கொடிக்கு அங்கேயே பாதி புரிந்துவிட்டது. ஆனால் தான் வந்த வேலையை முதலில் முடித்தாள். வகுப்பில் நின்று, அட்டையில் எழுதியது தன் தவறு என்று சொன்னாள். கடல்பாம்பின் வால் துடுப்புப் போலத் தட்டையாக இருக்கும் என்று கரும்பலகையில் வரைந்து காட்டினாள். புதிய அட்டையை நான்கு பேரை எழுப்பிச் சத்தமாகப் படிக்க வைத்தாள். ‘குளத்துத் தண்ணீர்ப் பாம்புக்கு நஞ்சு இல்லை. கடல்பாம்புக்குக் கடும் நஞ்சு உண்டு. எந்தப் பாம்பையும் கையால் தொடாதே. எந்தப் பாம்பையும் அடிக்காதே.’ இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் தலையை நிமிர்த்தவே இல்லை. மணிக்கட்டில் மஞ்சள் பத்துப் போட்டிருந்தது. அவளை மலர்க்கொடி எழுப்பவில்லை.

சமையற்கூடத்தில் கொளஞ்சி சாம்பாரை இறக்கிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். யார் என்று தெரிந்ததும் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“நீங்கதானா அது? வயசானவங்களா இருப்பீங்கன்னு நெனச்சேன். ஒக்காருங்க டீச்சர். வெறுந் தரைதான், பெஞ்சு எல்லாம் இங்க கெடையாது.”

மலர்க்கொடி உட்கார்ந்தாள். “எழிலரசி பாம்பத் தூக்கிட்டு வந்துச்சா அக்கா?”

கொளஞ்சி வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை.

“முடசலோடைக் கரையில வலை ஒதறயில வுழுந்துருக்கு. இது பக்கெட்டுல போட்டு எடுத்தாந்துடுச்சு. வெஷம் இல்லன்னு அட்டையில போட்டுருக்கு, படத்தோட பக்கத்துல வச்சுப் பாக்கப் போறேன்னு, இதே பின்பக்கம் நின்னு பக்கெட்டுல கைய வுடுது. அத நாங்க வலக்கடியன்னு சொல்லுவோம். எங்க சின்ன மாமனாரு அதுலதான் போனாரு. கையில கரண்டி இருந்துச்சு. ஒண்ணு வச்சேன். வேற யோசிக்க ஏது நேரம்?”

“பாம்பு?”

“அத எதுக்கு அடிக்கணும்? அது பாட்டுக்குக் கெடந்துச்சு. பக்கெட்டோட கொண்டுபோயி கழியில வுட்டுட்டு வந்தேன்.”

“இத ஏன் அவுங்கம்மாகிட்ட சொல்லல?”

“பொண்ணு அப்பன்காரனுக்குப் பயந்து கெடக்கு. நான் சொன்னா, அட்டையத்தான் காட்டணும். அட்டையில ஒங்க பேரு இருக்கு.” கொளஞ்சி பானையின் மேல் தட்டைக் கவிழ்த்தாள். “அந்தப் பொட்டி வந்ததுலேர்ந்து எங்க பசங்க ஓணானக்கூட அடிக்கிறது இல்ல டீச்சர். நண்டு காலப் புட்டு வெளயாடறது இல்ல. பேரு கெட்டா பொட்டியத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும், எழுத வராது. அதான் மறைச்சு ஒட்டி வச்சேன்.”

“அக்கா, வேல போயிடும்கிறாங்க.”

“போனாப் போவட்டும். எறால் உரிக்கப் போவ மாட்டனா?” என்று சிரித்தாள். சிரிப்பு முழுதாக வரவில்லை. “பன்னெண்டு வருசமா சோறு போடறேன். அத வுட்டுட்டுப் போறதுதான் கொஞ்சம் கஷ்டம். நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க. சாப்புட்டுட்டுப் போங்க.”

மலர்க்கொடி பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். சாம்பார் நன்றாக இருந்தது.

எழுத்தில் கொடுத்தால் பெட்டிகள் நிற்கலாம். பெட்டிகள் நிற்கக்கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பெண் வாய்மூடி இருக்கிறாள். அந்த மௌனத்தை ஏற்றுக்கொண்டு பஸ் ஏறினால் நாற்பது பள்ளிகளுக்குப் பெட்டி போகும். ஒவ்வொரு பெட்டியும் இந்த ஒருத்தியின் சோற்றை எடுத்துக்கொண்டு போகும். நண்டின் மேல் இரக்கம் சொல்லித்தரும் பெட்டிக்கு அப்படி ஒரு வழி வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது. அது நிற்க வேண்டுமா, போக வேண்டுமா என்பதை ஆண்டவன் பார்த்துக்கொள்ளட்டும்.

சாப்பாட்டு மணி முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போனார்கள். செம்பியனும் பாடத்துக்குப் போய்விட்டார். தலைமையாசிரியையின் அறை திறந்தே இருந்தது. மலர்க்கொடி உள்ளே போய், தன் பையிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்து, பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்து எழுதினாள்.

‘மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு. ஒன்பதாவது அட்டையில் நான் எழுதியது தவறு. அதை நம்பி உங்கள் மாணவி ஒருத்தி கடல்பாம்பைக் கையில் எடுக்கப் போனாள். அந்தக் கையைத்தான் கொளஞ்சி தட்டிவிட்டார். அவர் தட்டியிருக்காவிட்டால் இன்று அந்தப் பிள்ளை வகுப்பில் இருந்திருக்காது. என் பெயர் கெடக்கூடாது என்றுதான் அவர் காரணம் சொல்லவில்லை. பிள்ளை மேலும் குற்றம் இல்லை. நான் எழுதியதை நம்பினாள், அவ்வளவுதான். இதை அவள் தாயாருக்குப் படித்துக் காட்டுங்கள். வீட்டில் அவளை அடிக்காதபடி சொல்லுங்கள். தேவைப்பட்டால் எந்த அலுவலகத்துக்கும் நான் வந்து சொல்கிறேன். இந்தக் கடிதத்தை நீங்கள் மேலே அனுப்பலாம்.’

தன் பள்ளி, முகவரி, போன் எண் எல்லாவற்றையும் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மேசையில் புகார்க் கோப்பு இருந்தது. அமராவதி கொடுத்த மனு அதில் முதலாவதாக இருந்தது. அதன்மேல் தன் கடிதத்தை வைத்து நாடாவைக் கட்டினாள்.

வெளியே குழாயடியில் கொளஞ்சி அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். முதுகு இந்தப் பக்கம் இருந்தது. காலடி கேட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

“பஸ்ஸு வர்ற நேரம் டீச்சர், பாத்துப் போங்க.”

“வர்றேன் அக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு மலர்க்கொடி சாலைக்கு நடந்தாள்.