அத்தாவின் நம்பர்

ஷாதிபூரில் எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. வரும் நாளிலும் மாலையில்தான் வரும். நான் தையல் கடையிலிருந்து வீடு திரும்ப இருட்டிவிடும். அதனால் தண்ணீர் நாளென்றால் என் மகள் பஸீலா பள்ளி விட்டதும் ஓடிவந்து, தொட்டி நிரம்பியதும் வால்வை மூட வேண்டும். அவள் அத்தா, என் வீட்டுக்காரர் உதுமானுக்குத் தெருமுனையிலேயே மளிகைக்கடை. ஆனாலும் அவருக்கும் அந்த வால்வுக்கும் ஏழாம் பொருத்தம்.

பள்ளியில் ஷோபனா டீச்சர் பெண் பிள்ளைகளுக்கு மாலையில் கம்ப்யூட்டர் வகுப்பு ஆரம்பித்திருந்தார். தண்ணீர் வீணாகாமல் இருக்க என்ன கருவி செய்யலாம் என்பதுதான் பாடம். தண்ணீர் பிடிக்கப் போயே என் மகளுக்குப் பாதி வகுப்பு போனது. இந்தக் கூத்தை யாரிடம் சொல்ல? இனியும் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவேன் என்று டீச்சர் சொன்னதும் பஸீலா அழுதுவிட்டாள். அன்று ராத்திரியே அவள் அத்தாவிடம் கேட்டேன்.

"ஏங்க, அந்த வால்வ நீங்க மூடினா என்ன?"

"யாவாரத்த விட்டுட்டா? பொம்பளப்புள்ள இருக்குல்ல" என்றார்.

பஸீலா வாதாடவில்லை. வகுப்பில் செய்த கருவியைக் கொண்டுவந்து தொட்டியில் மாட்டினாள். சின்ன மிதவை, ஒரு சர்க்யூட் போர்டு, அவ்வளவுதான். தொட்டி நிரம்பப் போகிறதென்றால் போனுக்கு மெசேஜ் போகுமாம்.

"யாரு போனுக்கு?" என்று கேட்டேன்.

"அத்தா நம்பர்தாம்மா போட்டுருக்கேன்."

அடுத்த தண்ணீர் நாளில் அவள் வகுப்புக்குப் போனாள். மெசேஜ் வந்தது. மனிதர் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறார். தண்ணீர் தெருவில் ஓடியது. எதிர்வீட்டு பெங்காலி அம்மா நேரே கடைக்கே வந்து, "உதுமான் பாய், ஆப்கா பானி ரோட் பே", உங்க தண்ணி ரோட்டுல ஓடுது என்று இந்தியில் நாலு பேர் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். இவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினாராம்.

அதற்கடுத்த முறை மெசேஜ் வந்ததும் தராசில் பருப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடியிருக்கிறார். பருப்பு கேட்டவர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்.

அன்று சாப்பிடும்போது மகளிடம் கேட்டார்: "அந்த மெஷினு வால்வயும் தானா மூடாதா?"

"அது இன்னும் படிக்கலத்தா."

"அப்ப க்ளாஸ விடாமப் போயிப் படி."

"தண்ணி நாள்லயுமா?"

"தண்ணி நாள்லயுந்தான். அதுவரைக்கும் நா மூடிக்கிறேன்."

பஸீலா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். எனக்கும் சந்தோஷம்தான், கொஞ்சம் கோபமும்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வால்வை முதலில் நான் மூடினேன், பிறகு மகள் மூடினாள். அவருக்கு இரண்டே தடவையில் அதற்கொரு மெஷின் தேவைப்பட்டுவிட்டது.