பாதி மாடி

செத்த பிறகும் சார் என்னை மாடியைவிட்டு இறங்க விடவில்லை.

பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுப் படுக்கையறைக் கதவுக்கு மேலே, கூரையை ஒட்டி ஓர் ஈரத்திட்டு. சொட்டும், காயும், மறுபடி சொட்டும். அதற்காகவே வருடக்கணக்கில் என்னைக் கூப்பிட்டார். மொட்டை மாடி முழுக்க ஒரு பூச்சு பூசினால் கொத்தனுக்கு வேலை முடிந்தது. சார் விட்டால்தானே.

"எங்க ஒழுகுதுன்னு தெரியாம பூசுறது ஒரு வைத்தியமா? பாதியா பிரி, கொத்தனாரே."

மாடியின் நடுவே களிமண் வரப்பு கட்டி, ஒரு பாதியில் மட்டும் தண்ணீர் நிறுத்த வேண்டும். கீழே சொட்டினால் ஓட்டை அந்தப் பாதியில். பிறகு அதையும் பாதியாக்க வேண்டும்.

"அகராதில ஒரு சொல்லத் தேடணும்னா மொதப் பக்கத்துல இருந்தா பொரட்டுவ? நடுவுலதானே பிரிப்ப?"

அப்போது அகராதியைத் தலைகீழாகக் கொடுத்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. தலையை ஆட்டிவிட்டு மண்ணைக் குழைத்தேன்.

தண்ணீர் நிற்கும் நேரமெல்லாம் சார் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, மனைவியின் சமையலுக்கு வெங்காயம் உரிப்பார். தெருவில் போகும் பழைய மாணவர்கள் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்வார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "வேல கெடைச்சுதா?" என்பார். நல்ல மனிதர்தான். ஆனால் இந்த ஞாயிறு குற்றவாளியாக இருந்த பாதி, அடுத்த முறை நிரபராதி ஆகிவிடும். உடனே, "ஒன் வரப்பு கசியுது. சரியா கட்டல நீ" என்று என் மேல் பாய்வார். கட்டிய வரப்பை நானே உதைத்துக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போன நாட்கள் உண்டு.

போன மாதம் சார் போய்விட்டார். மகன் குடும்பத்தோடு வந்து தங்கியிருந்தான். அதுவரை சில வாரங்களாகக் காய்ந்து கிடந்த திட்டு, அவர்கள் இருந்தபோது திரும்பச் சொட்டத் தொடங்கியது.

"இந்த ஒழுகுற வீட்டுல ஒன்னத் தனியா விட்டுட்டு எப்படிம்மா போறது? அடுத்த சனிக்கிழமை வரேன். அப்பவும் ஒழுகுச்சுன்னா பெட்டியக் கட்டு. வீட்ட வித்துரலாம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அம்மா எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். "அவன் வீட்டுக்குப் போனா, பால்கனித் தொட்டிச்செடியோட நானும் ஒரு தொட்டிச்செடி. எப்படியாவது நிறுத்திக் குடுப்பா."

"ரெண்டே நாள்ல முழுசா பூசிடறேம்மா."

"முழுசா எதுக்கு? பாதி பாதியா பாரு. அவர் சொன்ன மாதிரி."

"அம்மா, சாரே இப்ப இல்ல."

"அவர்தான் இல்ல. அவர் சொன்னதுமா போயிடுச்சு?"

பல்லைக் கடித்துக்கொண்டு மண்ணைக் குழைத்தேன். இடது பாதி. சொட்டவில்லை. வலது பாதி. அதுவும் சொட்டவில்லை. அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார்கள்.

"வரப்ப ஒழுங்கா கட்டினியா?"

அச்சு அசல் சார். எனக்கு அழுகை வராத குறை.

வெள்ளிக்கிழமை தண்ணீரையெல்லாம் வடித்துவிட்டேன். மாடி வறண்டு கிடந்தது. கீழே வந்து, படுக்கையறை வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். மகன் குடும்பம் படுத்த விரிப்புகளை அம்மா பக்கத்திலிருந்த வாஷிங் மெஷினில் போட்டு, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்தார்கள். கொஞ்ச நேரத்தில் என் பிடரியில் ஒரு சொட்டு. பின்னாலேயே இன்னொன்று.

"அம்மா, மெஷினுக்குத் தண்ணி எப்படி வருது?"

"பாத்ரூம்ல இருந்து. கதவுக்கு மேல செவுத்துக்குள்ள பைப்பு போகுது. எனக்கு முட்டி வலி, துணி தொவைக்கக் கொல்லைக்குப் போகவேணாம்னு ஒரு லீவுல அவரே போட்டார். பூசினதும் அவர்தான்."

குழாயை மூடச் சொன்னேன். கொஞ்சத்தில் சொட்டு நின்றது. உளியை எடுத்து ஈரத்திட்டைக் கொத்தினேன். இரண்டு பைப் சேரும் இடத்தில் பசையில்லை, ஒன்றுமில்லை. கரண்டு வயருக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பை வளைத்து வளைத்து ஒரு கை தடிமனுக்குச் சுற்றியிருந்தார்.

அம்மா டேப்பின் நுனியைப் பிடித்து உரிக்க ஆரம்பித்தார்கள். அது வந்துகொண்டே இருந்தது.

"பசங்ககிட்ட தெனம் என்ன சொல்வார் தெரியுமா? தப்பு வந்தா ஊரெல்லாம் தேடாத, மொதல்ல நீ எழுதினதப் பாருன்னு." டேப்பைத் தரையில் எறிந்தார்கள். "எத்தன வாளி வெச்சிருப்பேன் இந்த வாசல்ல. இப்ப நாலு கேள்வி கேக்கலாம்னா, ஆள் இல்ல."

எனக்கும் கேட்க நிறைய இருந்தது. இத்தனை வருட வரப்புக்கும் சேர்த்து ஒரு தடவை கத்த வேண்டும் போலிருந்தது. யாரிடம் கத்துவது? ஜாயிண்ட்டை மாற்றி, சிமென்ட் வைத்து மூடினேன்.

சனிக்கிழமை காலையில் மகன் வந்தான். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் வாளி இல்லை. நிமிர்ந்து பார்த்தான்.

"எங்க ஒழுகுச்சும்மா?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டார்கள்.

"மாடியிலதான். அப்பா சொன்ன பாதியிலதான்."

"அப்ப கதவுக்கு மேல ஏன் கொத்தியிருக்கு?"

"ஊறிப்போயிருந்துச்சு. கொத்திட்டுப் பூசியிருக்காரு."

மகன் என் பக்கம் திரும்பினான். "அப்பா அத்தன தடவ சொல்லியும் இத ஒங்களால கண்டுபிடிக்க முடியலையா? பாவம், கடைசி வரைக்கும் அந்த மாடியிலேயே ஒக்காந்திருந்தாரு."

அவன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு அம்மா என்னையே பார்த்தார்கள். தரையில் கிடந்த டேப்பைக் காலால் மெஷினுக்கு அடியில் தள்ளினேன்.

"வரப்பு சரியா கட்டல, தம்பி" என்றேன்.