பதினேழாம் கட்டம்: விளையாட்டை நேசிக்கிறானா?

1.

இந்தக் கதைக்கு மூலம் ஒரு படிவம். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

வடக்கு லூசியானாவில் ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில் எனக்கு எழுத்தர் வேலை. மேசைக்கடியில் ஏதாவது மொழிபெயர்ப்பு நாவலை வைத்துக்கொண்டு பாதி நேரம் வேறு தேசத்தில் இருப்பேன். மார்ச்சில் ஒரு நாள் மட்டும் அது நடக்காது. அன்று தொழில்முறைக் கால்பந்து அணிகளின் ஆட்கள் வருவார்கள். முட்டை வடிவப் பந்தை வைத்துக்கொண்டு முட்டி மோதி ஆடும் அமெரிக்கக் கால்பந்து. ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட். முப்பத்திரண்டு அணிகளும் முறை வைத்துக் கல்லூரிப் பையன்களைப் பொறுக்கியெடுக்கும். பொறுக்குவதற்கு முன்னால் அளக்க வேண்டுமே.

பையன்கள் அரைக்கால்சட்டையோடு வரிசையாக மேடையேறுவார்கள். ஒருவர் டேப்பைப் பிடித்து எண்ணை உரக்கச் சொல்வார், நான் எழுதுவேன். உயரம், எடை, கை நீளம், விரித்த உள்ளங்கையின் அகலம். எல்லாம் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு சுத்தமாக.

போன வருடம் யாரோ ஒரு படிவத்தை என் மேசையில் மறந்துவிட்டுப் போனார்கள். அதில் பதினேழாவது கட்டம்: "விளையாட்டை நேசிக்கிறானா? ஆம் / இல்லை." அன்றைக்கு ஆரம்பித்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. கதை எழுதினால் அடங்கும் என்று நினைத்தேன். எழுத எழுத அதிகமாகிறது.

2.

முதல் வரியை மூன்று முறை எழுதினேன்.

முதல் முயற்சி: "மேடையில் நின்ற ஜவாரிஸ் டாலிவரின் அகன்ற தோள்கள் மீது காலை வெளிச்சம் விழுந்தபோது, ஏதோ பழங்காலச் சிலை ஒன்று —"

[நிறுத்தினேன். அவன் தோளை நானும் வர்ணிக்க ஆரம்பித்தால், டேப் பிடித்தவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?]

இரண்டாவது முயற்சி: "மனிதர்களை மேடையேற்றி, பல்லைப் பிடித்துப் பார்த்து விற்ற மாநிலம் இது. இன்று அதே மாநிலத்தில், கறுப்புப் பையன்கள் வரிசையாக —"

[இதுவும் வேண்டாம். உண்மைதான். ஆனால் இங்கே அதை யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மேடையேறும் ஒவ்வொரு பையனுக்கும் தெரியும். தெரிந்தேதான் ஏறுகிறான்.]

மூன்றாவது, நிலைத்தது:

லோவெல் பிராசோவுக்கு வயது ஐம்பத்தெட்டு. இருபத்தாறு வருடமாக ஓர் அணிக்காக ஊர் ஊராகக் காரோட்டிப் பையன்களை மதிப்பிட்டு எழுதுகிறார். அன்று காலை பெட்ரோல் பங்க்கில் வாங்கிய, சோறும் இறைச்சியும் அடைத்த 'பூடான்' என்னும் குடல் பண்டத்தைக் காரிலேயே தின்று, விரலைத் துடைத்துக்கொண்டு, மேடைக்கு முன்னால் மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்தார். அவர் ஒரே ஒரு பையனுக்காக வந்திருந்தார்.

3.

ஜவாரிஸ் டாலிவருக்கு இருபத்திரண்டு வயது, முந்நூற்றுப் பன்னிரண்டு பவுண்டு. பந்தை எறிபவனை எதிரிகள் நெருங்காதபடி முட்டித் தடுப்பது அவன் வேலை. நான்கு வருடத்தில் நாற்பத்தாறு ஆட்டம். அவனைத் தாண்டி எதிரி உள்ளே போனது இரண்டே முறை. அந்த இரண்டையும் லோவெல் காணொளியில் ஐம்பது தடவை பார்த்திருந்தார். ஒன்றில் தரை ஈரம்.

"கை, முப்பத்திரண்டே முக்காலே அரைக்கால்!" என்றார் டேப்காரர்.

மூன்று வரிசையிலும் பெருமூச்சு. முப்பத்து மூன்று அங்குலம் இருந்தால்தான் தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிறுத்துவார்கள். அதற்குக் குறைந்தால் உள்ளே தள்ளிவிடுவார்கள், விலையும் இறங்கும்.

"ச்சே, அரைக்கால் அங்குலம் போச்சே" என்றார் ஒருவர், தன் கையே குட்டையாகிவிட்ட மாதிரி.

ஜவாரிஸ் நீட்டிய கையை மடக்காமலே கேட்டான்: "நடுவிரல் நுனி வரைக்கும்தானே சார் அளக்கறீங்க? வேணும்னா நகம் வளத்துட்டு அடுத்த வாரம் வரட்டா?"

கூடம் சிரித்தது. லோவெல்லும் சிரித்தார். சிரித்துக்கொண்டே குறிப்பேட்டில் எழுதினார்: "கேலி பேசுகிறான். கவனிக்க."

[இதை அவர் ஏன் எழுதினார் என்று வெகுநேரம் யோசித்தேன். கெட்ட மனிதர் இல்லை. சிரிப்பையும் அளந்து எழுதுவதுதான் அவர் பழகிய தொழில்.]

ஒரு பையனைப் பற்றித் தெரிய வேண்டுமானால் பயிற்சியாளரிடம் கேட்கக் கூடாது, அவர் விற்கப் பார்ப்பார். துணி துவைப்பவரிடம் கேட்க வேண்டும். இது இந்தத் தொழிலின் பழக்கம். லோவெல் சலவை அறைக்குப் போனார். அங்கே மிஸ் எர்லீன் இயந்திரத்தை ஒரு கால் உதையில் நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"வந்துட்டாரு துரை. இந்த வருஷம் யார் தலைய உருட்டப் போற?"

"டாலிவர் எப்படி, மிஸ் எர்லீன்?"

"எதுல? துணியிலயா, குணத்துலயா?"

"ரெண்டுலயும்தான்."

"சாக்ஸ நேரா திருப்பிக் கூடையில போடற ஒரே ஆளு. எண்பத்தஞ்சு பேர்ல ஒருத்தன். இதுக்கு மேல குணத்துக்கு என்ன சாட்சி வேணும்?"

"பயிற்சி முடிஞ்சப்புறம் இங்கயே சுத்திக்கிட்டு இருப்பானா? பந்தும் கையுமா?"

"முடிஞ்சா முடிஞ்சதுதான். அஞ்சு மணிக்கு பையத் தூக்கிட்டுக் கெளம்பிருவான்."

லோவெல்லின் பேனா அசைந்தது. மிஸ் எர்லீன் எட்டிப் பார்த்தார்.

"என்னா எழுதற?"

"சும்மா ஒரு குறிப்பு. பையனுக்கு ஆட்டத்து மேல ஆசை இருக்கா இல்லையான்னு..."

"ஏன் ராசா, முப்பத்தொரு வருஷமா இவனுங்க ஜட்டிய தொவைக்கிறேன். சோப்புத்தூள் மேல ஒனக்கு ஆசை இருக்கான்னு ஒரு பய கேட்டதில்ல. வெளுத்துச்சான்னுதான் கேட்டானுங்க. அவன்கிட்டயும் அதையே கேளேன்."

4.

காலி வகுப்பறை. ஜவாரிஸ் உட்கார்ந்ததும் நாற்காலி முனகியது. பாதி எடையைக் காலுக்கு மாற்றிக்கொண்டு, பரிதாபப்பட்டவன் போல அதைத் தட்டிக்கொடுத்தான்.

"ரெண்டாவது வருஷம் ஒரு ஆட்டம் ஆடல. ஏன்?" என்று ஆரம்பித்தார் லோவெல்.

"கணுக்கால் வலி சார். டாக்டர்கிட்ட சொன்னேன். படம் எடுத்துப் பாத்தா எலும்புல கீறல்."

"யாரு போய்ச் சொல்லச் சொன்னா?"

"கணுக்கால்தான்."

"ஒங்க கோச் வேற மாதிரி சொல்றாரு. அன்னிக்கு மத்தவங்க அதவிட மோசமான அடியோட ஆடினாங்களாமே."

"ஆடினாங்க சார். மார்கீஸ் ஃபோன்டெனோன்னு ஒருத்தன். முழங்கால் கிழிஞ்சதோட ரெண்டு ஆட்டம். இப்ப இருபத்துமூணு வயசு, மாடிப்படி ஏறணும்னா கைப்பிடி வேணும்."

லோவெல் அந்தப் பெயரை எழுதிக்கொள்ளவில்லை. ஏற்கெனவே எழுதியவர் அவர்தான். போன வருடம் அந்தப் பையனின் பதினேழாம் கட்டத்தில் "ஆம்" போட்டு, பக்கத்தில் "இந்த விளையாட்டுக்காக உயிரையே கொடுப்பான்" என்று பாராட்டியிருந்தார். பிறகு மருத்துவர்கள் முழங்காலைப் பார்த்தார்கள். அவனை யாரும் எடுக்கவில்லை, லோவெல்லின் அணியும் எடுக்கவில்லை.

"சரி, கடைசிக் கேள்வி. நீ இந்த விளையாட்ட நேசிக்கிறியா?"

ஜவாரிஸ் சிரித்தான். "இதுக்கு ஏஜென்ட் ஒரு ஆள வெச்சு டிரெய்னிங் குடுத்தாரு சார். 'இதுதான் என் மூச்சு'ன்னு சொல்லணுமாம். கண்ணு லேசா கலங்கணுமாம். கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்தேன். எனக்கே சிரிப்பு வந்துருச்சு."

"அப்ப?"

"எனக்கு இது நல்லா வரும். என் பக்கம் ஒருத்தனையும் உள்ள விட மாட்டேன். இந்த வேலை எனக்கு வேணும் சார், ரொம்ப வேணும். நேசிக்கிறேன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

"சொல்லிட்டுத்தான் போயேன்டா. ஒரு வார்த்த."

"ஒங்களுக்கு ஒரு வார்த்த சார். நாளைக்குக் கணுக்கால் வீங்குனா, 'நேசிக்கிறேன்னியே'ன்னு கேக்கப்போறது என்னைய."

5.

இந்த இடத்தில் நான் ஒரு திருட்டு வேலை செய்தேன்.

அவன் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுகிறான் இல்லையா? எங்கே போகிறான் என்று வாசகர் கேட்பார். அதனால் அவனுக்கு ஒரு நோயாளித் தாயைக் கொடுத்தேன். சிறுநீரகம். வாரம் மூன்று நாள் மகன்தான் காரில் கூட்டிப்போகிறான். ஒன்றரைப் பக்கம். நானே எழுதி நானே கண் கலங்கினேன். அடுத்த நாள் படித்துப் பார்த்தபோது உடம்பு கூசியது. மொத்தத்தையும் அடித்தேன்.

ஒழுங்காக வேலை பார்த்துவிட்டு ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகிறவனை நம்புவதற்கு நமக்கு எதற்காக ஒரு படுக்கை நோயாளி வேண்டும்? இன்னொன்றும் சொல்கிறேன். அணிக்காரர்களுக்கும் நோயாளித் தாய் என்றால் உயிர். "உந்துதல் உள்ளவன்" என்று எழுதி அரை மதிப்பெண் கூட்டுவார்கள். நானும் அதைத்தான் செய்யப் போனேன், உங்கள் மதிப்பெண்ணுக்காக.

அவன் எங்கே போகிறான் என்று எனக்குத் தெரியாது. அவன் சாயங்காலம் அவனுடையது.

அவனை இன்னும் கொஞ்சம் அன்பானவனாக எழுதியிருக்கலாமோ என்றும் தோன்றியது. "நேசிக்கிறேன்னு சொல்ல மாட்டேன்" என்று அவன் சொன்ன இடத்தில் எனக்கே அவன்மேல் ஒரு பிடி பிரியம் குறைந்தது. உங்களுக்கும் குறைந்திருக்கும், மறைக்க வேண்டாம். வேலை செய்பவன் வேலையைக் காதலிக்கவும் வேண்டும் என்று நாம் எப்போது முடிவு செய்தோம்? அணியின் முதலாளி அரங்கத்தின் சொகுசு மாடத்தில் உட்கார்ந்து பாதி ஆட்டத்தில் தூங்குகிறார். அவரிடம் யாரும் பதினேழாம் கட்டத்தை நீட்டியதில்லை. நேசிப்பவன் வலியைச் சொல்ல மாட்டான், கூலி பேச மாட்டான், போ என்றால் போய்விடுவான். அந்தக் கட்டம் கேட்பது இதை. அன்பின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

6.

லோவெல் காருக்குள் உட்கார்ந்து மடியில் கணினிப் பலகையை விரித்தார். முப்பத்து மூன்று கட்டங்களில் முப்பத்திரண்டு நிரம்பிவிட்டன. தலைமை அலுவலகத்திலிருந்து கிரேடி ஸ்டோல்ட்ஸ் கூப்பிட்டார். லோவெல்லின் மேலாளர், அவரைவிடப் பதினேழு வயது இளையவர்.

"லோவெல், டாலிவரோடது இன்னும் வரலையே. என்ன, பையனுக்குக் கவிதை எழுதறீங்களா?"

"ஒரு கட்டம் பாக்கி. அவன் வேலைய சுத்தமா செய்யறான், கிரேடி. இந்த வருஷம் நான் பாத்ததுல இவன்தான் மொத ஆளு."

"அது பன்னெண்டாவது கட்டம். போட்டுட்டீங்க, பாத்தேன். நேசிக்கிறானா?"

"இந்த வேலை வேணும்ங்கறான்."

"எல்லாருக்கும்தான் வேணும். நேசிக்கிறானா?"

"வலிச்சா சொல்லுவேங்கறான். அது நல்லதுதானே? நாம பணத்தைக் கொட்டி எடுக்கறோம், ஒடைஞ்சதை மறைச்சான்னா நமக்குத்தானே நஷ்டம்?"

"தலைவரே, எனக்கு இன்னும் முந்நூறு பேர் இருக்காங்க. ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு. இல்லன்னா பேருக்குப் பக்கத்துல செவப்புப் புள்ளி, நம்ம பட்டியலிலிருந்து எடுத்துருவோம். ஒங்க ஏரியாவுல மத்த டீம்காரங்களும் ஒங்க மூஞ்சியப் பாத்துத்தான் முடிவு பண்ணுவாங்கன்னு ஒங்களுக்கே தெரியும். ஆறு மணிக்கு சிஸ்டம் மூடிரும். காலியா விட்டா 'இல்ல'ன்னு எடுத்துக்கும்."

போன் அணைந்தது.

7.

முடிவுகள். இரண்டு எழுதிப் பார்த்தேன்.

(அ) லோவெல் "ஆம்" போடுகிறார். டிராஃப்டின் ஐந்தாவது சுற்றில் ஜவாரிஸின் பெயர் வாசிக்கப்படுகிறது. கூடத்தில் ஆரவாரம். லோவெல் தன்னை நல்லவர் என்று நினைத்தபடி தூங்கப் போகிறார். அடுத்த பத்து வருடம் அந்தப் பொய்யைச் சுமப்பது ஜவாரிஸ். எதைச் சொல்ல மாட்டேன் என்று நாற்காலி முனக உட்கார்ந்து மறுத்தானோ, அதை அவன் கேட்காமலே அவன் பெயரில் ஒருவர் சொல்லிவிட்டார். வீங்கிய கணுக்காலோடு அவன் நிற்கும் ஒரு மழை நாளில் —

(வேண்டாம்.)

(ஆ) லோவெல் "இல்லை" போடுகிறார். ஏப்ரலில் டிராஃப்ட் நடக்கும் மூன்று நாளும் ஜவாரிஸின் போன் அடிக்கவில்லை. அவன் உடைந்துபோகவில்லை, வேறு ஒரு வேலையை எடுத்து அதையும் ஒழுங்காகச் செய்கிறான். நேர்மைக்கு நான் செய்த மரியாதை என்று சிலர் இதைப் பாராட்டக்கூடும். அவன் "ரொம்ப வேணும்" என்றானே. அதை வாங்கிக்கொண்டு அவனுக்குக் கண்ணியத்தைக் கொடுத்தனுப்ப நான் யார்?

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. லோவெல் காரை விட்டு இறங்கி, பலகையைக் குப்பையில் போட்டுவிட்டு, கிரேடியிடம் நான்கு வார்த்தை கேட்கிறார். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. லோவெல்லுக்கு ஐம்பத்தெட்டு வயது, காருக்கு இன்னும் இரண்டு வருடத் தவணை. அந்த நான்கு வார்த்தையை அவர் வாயில் நான் திணிக்கலாம். திணித்தால் என் கோபம் தணியும், பையனின் கட்டம் அப்படியேதான் இருக்கும்.

எந்த முடிவை எழுதினாலும் அது ஜவாரிஸுக்கு நான் போடும் மதிப்பெண். நான் போட மாட்டேன். இப்படி நெஞ்சை நிமிர்த்தி எழுதிவிட்டு எழுந்துகொள்ளப் போனேன். அப்போதுதான் கிரேடி சொன்னது உறைத்தது. எழுதாமல் விட்டாலும் அந்தக் கணினி சும்மா இருக்காது.

ஆகவே உங்களிடம் தருகிறேன். வாகன நிறுத்தத்தின் மறுபக்கம் ஜவாரிஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறான், திரும்பிப் பார்க்கவில்லை. லோவெல்லின் விரல் திரைக்கு மேலே நிற்கிறது. மணி ஐந்து நாற்பது. நீங்கள் யோசிக்கலாம், யாரிடமாவது கேட்கலாம், அவனைக் கூப்பிட்டு இன்னொரு முறை பேசிப் பார்க்கலாம். இது வெறும் கதை என்று பக்கத்தைப் புரட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கவும் போகலாம்.

அப்படிப் போனால் 'இல்லை' என்று பதிவாகும்.